நாவலடி மேட்டைக் காட்டாத வருடம்

பிரதான வீதியிலிருந்து வயல் பக்கம் திரும்பும் முடக்கில் புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். 'பழைய களவெட்டி' என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. இங்கேதான் நம் முன்னோர் சூடு மிதித்தார்கள், பொலி தூற்றினார்கள் என்று கீழே சிறிய எழுத்தில் விளக்கம். சுற்றிவரக் கம்பிவேலி. உள்ளே சீமெந்தில் செய்த இரண்டு எருமைக் கிடாக்கள். என்னோடு குர்ஆன் ஓதப் போன என் வயதுக்காரர்களே, நீங்கள் யாராவது அந்தப் பலகையைக் கண்டிருந்தால், வீதியோரம் நின்று என்னைப் போலவே அதை மறுபடியும் வாசித்திருப்பீர்கள். அந்த இடத்தில் யாரும் சூடு மிதித்ததில்லை. ஒரேயொரு பகலைத் தவிர.

அந்தப் பகலை நான் கண்டேன். நீங்களும் சிலர் கண்டீர்கள். இளையவர்களுக்கு நாம் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நம் குடியிருப்பு அப்போது நற்பிட்டிமுனைக்கு அப்பால், வயலின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த சில வீடுகள்தான். இன்று அது கல்முனையின் ஒரு தெரு. வீடுகளின் பின்கதவைத் திறந்தால் வரம்பு. வரம்பில் நின்று பார்த்தால் பச்சைக்கு நடுவே முதுகு தூக்கிய ஒரு மேடு. ஒரு நாவல் மரம் அதில் நின்றதால் நாவலடி மேடு என்பார்கள். வெட்டிய கதிரையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சூடு என்னும் குவியலாக அடுக்கி, ஈரம் காய்ந்ததும் கிடாக்களை விட்டு மிதித்து, காற்று வரும் நேரம் தூற்றி எடுப்பார்கள். அதுதான் நம் களவெட்டி. மேட்டைச் சுற்றியிருந்த வயல் என் பெரியம்மாவின் சீதனக் காணி. மேடு மட்டும் அந்த வட்டையில், அந்த வயல் தொகுதியில், வேளாண்மை செய்யும் எல்லோருக்கும் பொது. அதற்கு உறுதிப் பத்திரம் என்று ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதே அதற்கு உறுதியாக இருந்தது.

பெரியம்மா என் உம்மாவின் மூத்த சகோதரி. குரல் கொஞ்சம் கரகரப்பு, நடை வேகம். அறுவடைக் காலத்தில் காலையிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நிற்பா. வட்டவிதானை அந்த வயல்களின் தண்ணீருக்கும் வேலிக்கும் பொறுப்பான மனிதர். அவர்கூடப் பெரியம்மாவைக் கேட்காமல் மேட்டில் ஒரு கட்டுக் கதிரை இறக்கமாட்டார்.

களவெட்டிக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. அங்கே உண்மைப் பேச்சுப் பேசக்கூடாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்று சொல்ல வேண்டும். மாட்டுக்கும் சாக்குக்கும் சுளகுக்கும்கூட அங்கே வேறு பெயர்கள். ஜின் கேட்டுக்கொண்டிருக்கும், சரியான பெயரைச் சொன்னால் பறக்கத்து என்னும் பெருக்கம் போய்விடும் என்பார்கள். வழியால் போகிறவர் நின்று, எவ்வளவு கண்டது என்று கேட்டால், எல்லாம் பதர்தான் என்று முகத்தைத் தொங்கப் போட்டுச் சொல்ல வேண்டும். அதை யாரும் பொய் என்று எண்ணியதில்லை. வெளியே ஒரு கோழியின் விலையில்கூடப் பொய் சொல்லாத என் வாப்பா, மேட்டில் ஏறியவுடன் வாயெல்லாம் பதராகிவிடுவார்.

அந்தப் பெரும்போகத்துக்குச் சற்று முன்னர், தெற்குப் பக்க வட்டையில் நில அளவைக்காரர்கள் சங்கிலி பிடித்து அளந்துகொண்டு போனார்கள். அளந்த இடத்தில் கொஞ்ச நாளில் கட்டை நட்டார்கள். பிறகு ஒரு கட்டடம் எழும்பியது. அந்த வயல்காரர் ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்து, தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லையே என்று அழுததை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பெரியம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தா. அவர் போன பிறகு உம்மாவிடம், அளந்தால் போய்விடும், எழுதினால் போய்விடும் என்று மெதுவாகச் சொன்னா.

இந்த நேரத்தில்தான் அவர் வந்தார்.

மெலிந்த இளைஞர். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு கன்வஸ் பை. பைக்குள் ஒரு படக்கருவி, ஒரு டேப் ரெக்கோடர். ஏதோ பல்கலைக்கழகம் என்றார். நம் பக்கத்துப் பேச்சு அல்ல அவருடையது. ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்துப் பேசினார். வட்டவிதானையின் வீட்டு வாசலில் நின்று, களவெட்டியில் பாடும் பாட்டுகளையும் பேசும் சொற்களையும் பதிந்து வைக்க வேண்டும், களவெட்டி இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார். இதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். கொஞ்சக் காலத்தில் டவுன் இந்தப் பக்கம் வந்துவிடும், இதெல்லாம் இல்லாமல் போய்விடும், அதற்கு முன் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

நல்ல எண்ணத்தோடு சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அந்த ஒரு பேச்சில் எல்லோருடைய முகமும் மூடிக்கொண்டது.

அன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பெரியம்மா வீட்டு முற்றத்தில் கூடினார்கள். வட்டவிதானை, என் வாப்பா, அயல் வயல்காரர் சிலர். பெரியம்மாவின் மகளை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருடம் ராத்தாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. மேட்டைச் சுற்றிய வயல் அவவுக்குச் சீதனமாகப் போகவிருந்தது. அவ உள்ளே தேங்காய் துருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. நான் அவவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து துருவலைத் தின்றேன்.

"டவுன் வரும் எண்டு இவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் வட்டவிதானை. "கொண்டு வாறவனுக்குத்தானே தெரியும்."

"சங்கிலிய காணல்லியே?" என்றார் வாப்பா.

"மச்சான், முந்தி சங்கிலியோட வந்தானுகள். இப்ப கெட்டிக்காரனுகள், பையோட வாறானுகள்."

அடித்து விரட்டலாம் என்றார் ஒருவர். விரட்டினால் பொலிசோடு வருவான் என்றார் இன்னொருவர். அந்த ரெக்கோடர் பெட்டிக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று ஒருவர் கேட்க, நம்மட கதையைத்தான் என்று இன்னொருவர் சொல்ல, அப்ப நல்ல கதையாகக் குடுங்கள் என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. பெரியம்மா சிரிக்கவில்லை.

"காட்டுவம்," என்றா. "ஆனா மேட்டக் காட்டப்படா. முடக்கில வைக்கல் கொட்டுற இடம் இரிக்கில்ல, அதக் காட்டுங்க."

இப்படித்தான் அந்தப் பகல் உண்டானது. ஏற்கெனவே மிதித்து முடிந்த வைக்கோலை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து முடக்கில் பரப்பினார்கள். நடுவில் ஒரு கம்பை நட்டார்கள். தூற்றுகிறவர் ஏறி நிற்கும் முக்காலிக்கு அவுரி என்று பெயர். மேட்டிலிருந்து அதை எடுக்க மனமில்லாமல் பள்ளிக்கூடத்திலிருந்து, பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்கு ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார்கள். சொற்களை வாப்பா இருந்த இடத்திலேயே உண்டாக்கினார். கிடாவுக்கு 'மாப்பிள்ளை' என்றார். சாக்குக்கு 'கொழும்பு' என்றார். மற்றவர்கள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்கள். வந்தவர் எல்லாவற்றையும் தலையாட்டிப் பதிந்தார். பாட்டுக் கேட்டபோது வட்டவிதானை தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்துவிட்டார்:

"கிடாவுக்குத் தெரியுமோ கிடங்கின் ஆழம்
பைக்காரன் அறிவானோ பதரின் பாரம்"

பைக்காரர் சந்தோஷமாக, இன்னொரு முறை பாடச் சொன்னார். பாடினார்கள். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். வைக்கோலின் தூசி வெயிலில் பறந்தது. எனக்குத் தும்மல். அப்படி ஒரு சந்தோஷமான களவெட்டியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

கிடாக்கள் மட்டும் இந்த விளையாட்டுக்கு ஒத்துவரவில்லை. வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு, தும்புக் கயிற்றை இழுத்துக்கொண்டு நாவலடி மேட்டுப் பக்கமே போகப் பார்த்தன. வட்டவிதானை இழுத்து இழுத்துக் களைத்துவிட்டார். ஏன் அந்தப் பக்கம் இழுக்கின்றன என்று வந்தவர் கேட்டார். தண்ணீர் இருக்கிறது என்றார்கள். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து அந்தப் பக்கம் பார்த்தார். மேடு தெரிந்தது. அதில் நாங்கள் ஓலையால் மூடி வைத்திருந்த சூடும் தெரிந்திருக்க வேண்டும்.

"அந்த மேடு யாருடையது அம்மா?" என்று பெரியம்மாவிடம் கேட்டார். பெட்டியை அவவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"அது ஆர்ரயும் இல்ல மனே," என்றா பெரியம்மா. "வெறும் பத்தக்காடு. பாம்பு கிடக்கும். அங்கால ஒண்டும் இல்ல."

அவர் பிறகும் சற்று நேரம் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். விளங்கிக்கொண்டும் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தாரா, பாம்பு என்றதை நம்பினாரா என்பதை என்னால் இன்றைக்கும் தீர்மானிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் கோழிக்கறியோடு சோறு தின்றார். போகும்போது எனக்கு ஒரு பென்சில் தந்தார். அதன் முனையை உம்மா வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் தந்தா. பிறகு தபாலில் ஒரு படம் அனுப்பியிருந்தார்: வாங்கின் மேல் வாப்பா, கையில் சுளகு. அந்தப் படம், சுனாமியாகக் கடல் வந்தபோது, கரையோரம் இருந்த உம்மாவின் தங்கை, என் சாச்சியின் வீட்டோடு போய்விட்டது.

உண்மையான சூடு மிதிப்பு அவர் போன பிறகுதான் நடந்தது. வரம்புகளில் ஆட்களை நிறுத்தி வைத்தார்கள். பெட்டி எங்காவது ஒளிந்திருந்து கேட்கும் என்ற பயம். அதனால் யாரும் பாடவில்லை. கிடாக்களின் மூச்சும் கதிர் நொறுங்கும் சத்தமும்தான். மூத்தவர்கள் ஒவ்வொரு வருடமும் பாடும் ஒரு கவி இருந்தது. சூட்டின் முதல் கட்டை அவிழ்க்கும்போது நபிகள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குவார்கள். வரிக்கு வரி குரல் இறங்கி, கடைசியில் ஒரு மூச்சாக அடங்கும். அடுத்த போகத்துக்கு ட்ரக்டர் வந்துவிட்டது. ட்ரக்டர் சத்தத்தில் யார் பாடுவது? இந்த வருடம் வேண்டாம் என்று நிறுத்தியது அப்படியே நின்றுபோனது. எனக்கு அதன் இறக்கம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு சொல்கூட இல்லை. நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள்; சந்தைக்குப் போனது, மழை பெய்தது எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். எழுதத் தொடங்கியது மிகப் பிந்தி.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். கடல் வந்ததும் கரையிலிருந்தவர்களுக்கு இடம் வேண்டியிருந்தது. வயல்களில் கிறவல் மண் கொட்டினார்கள். ஒரு வீதி வந்தது, அதிலிருந்து கிளைகள் பிரிந்தன. மருந்துக்கடை, கல்யாண மண்டபம், கைபேசிக் கடை. நாவல் மரம் ஒரு காற்றில் விழுந்தது. ஆனாலும் மேடு நின்றது. ராத்தாவுக்குச் சீதனமாக வந்த வயலும் மேட்டுக்கு மேற்கே மிஞ்சியிருக்கும் வட்டையும் இன்றும் விளைகின்றன. வெட்டும் மெஷின் மேட்டில்தான் திரும்புகிறது. மூட்டைகளை அங்கேதான் இறக்குகிறார்கள், நெல்லை அங்கேதான் காயப்போடுகிறார்கள். மழை வெள்ளத்தில் அந்தப் பக்கத்தில் நனையாத இடம் அது ஒன்றுதான். மேடு போனால் வயலும் போகும். வயல் போனால் நாங்கள் ஒரு கிராமமாக இருந்தோம் என்பதைக் காட்ட அந்தச் சீமெந்துக் கிடாக்கள்தான் மிஞ்சும்.

பலகையைத் திறந்து வைக்கும் விழாவுக்கு ராத்தாவையும் என்னையும் அழைத்திருந்தார்கள். ஊரின் பண்பாட்டைக் காக்க இளைஞர்கள் சேர்ந்து அமைத்த குழு. நல்ல பிள்ளைகள்தான். பைக்காரர் இப்போது உயிரோடு இல்லையாம். அவர் சேர்த்த ஒலிநாடாக்களை எங்கேயோ தேடிப் பிடித்துத் துப்புரவாக்கி வாங்கியிருந்தார்கள். முதலில் பள்ளிப் பிள்ளைகள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து, கிடாவுக்குத் தெரியுமோ கிடங்கின் ஆழம் என்று பாடினார்கள். பைக்காரன் என்றால் மூட்டை சுமப்பவர் என்று அறிவிப்பாளர் விளக்கம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு ஒலிபெருக்கியில் பெரியம்மாவின் குரல் வந்தது.

ராத்தா என் கையைப் பிடித்தா. அவவின் தாய் மௌத்தாகி, அடக்கம் செய்து பல காலம். அந்தக் கரகரப்பு அப்படியே இருந்தது. சுற்றியிருந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். அது ஆர்ரயும் இல்ல மனே, வெறும் பத்தக்காடு, அங்கால ஒண்டும் இல்ல. ராத்தாவின் பிடி இறுகியது. எங்களுக்கு முன்வரிசையில் காணி உத்தியோகத்தர் இருந்தார். அவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்தவர் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். நான் அதைக் கண்டேன். ராத்தாவிடம் சொல்லவில்லை, அவவும் கண்டிருந்தா.

கொஞ்ச நாளில் மேட்டில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். அது தரிசு நிலம், உரியவர் எவரும் இல்லை என்பது ஊர் மூத்தோரின் வாக்கிலேயே பதிவாகியுள்ளது, வாகனத் தரிப்பிடத்துக்கு எடுக்கப்படும், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும். குழுப் பிள்ளைகளிடம் முதலில் போனோம். பலகை நிற்கும் இடம் பொய் என்று ராத்தா சொன்னதும் அவர்களின் முகம் மாறியது. இத்தனை பாடுபட்ட பிறகு எங்களைப் பகிடிக்கு ஆளாக்கப் போகிறீர்களா சாச்சி என்று ஒரு பிள்ளை கேட்டது. காணியைப் பிடிப்பதற்காகக் கதை கட்டுகிறோம் என்று அவர்கள் நினைத்தது பார்வையிலேயே தெரிந்தது. பிறகு உத்தியோகத்தரிடம் போனோம். ராத்தா நின்றபடியே சொன்னா.

"எங்கட உம்மா பொய் செல்லியிரிக்கா. அண்டைக்கு எல்லாருமாச் சேந்து செல்லின பொய்."

அவர் மரியாதையான இளைஞர். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். "அண்டைக்குப் பொய் செல்லினவங்க இண்டைக்கு உண்மதான் செல்றாங்க எண்டு நான் எப்பிடி நம்புற, ராத்தா?"

"நம்பாதீங்க மனே," என்றா ராத்தா. "வந்து பாருங்க."

அவர் வந்தார். நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுது. மேட்டில் தார்ப்பாய்ப் படங்குகள் விரித்துக் கிடந்தன. படங்குகளுக்கு உரியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், ஆனால் மேட்டில் ஏறாமல் வரம்பிலேயே நின்றார்கள். வட்டவிதானையின் மகன், பாண்டிருப்பிலிருந்து வந்து குத்தகைக்குச் செய்யும் ஒரு தமிழர், அவருடைய மனைவி, இன்னும் சிலர். அவர்கள் பார்த்தது உத்தியோகத்தரை அல்ல, ராத்தாவை. சுற்றிவர இருப்பது அவவின் வயல். அவ என்னுடையது என்று ஒரு சொல் சொன்னால், நாளைக்கு வேலி போட்டுவிடலாம். அந்தப் பயம் அவர்கள் நின்ற விதத்திலேயே இருந்தது. எனக்கும் ஒரு கணம் அந்தச் சந்தேகம் வந்தது என்பதை எழுதாமல் விட முடியாது.

உத்தியோகத்தர் கோப்பை விரித்துக்கொண்டு கேட்டார். "இது ஆர்ர இடம்?"

ராத்தாவுக்கு, இல்லை என்று சொல்லியே பழகிய வாய். படங்கில் ஒரு புறா இறங்கி நெல்லைக் கொத்தியது, யாரும் விரட்டவில்லை.

"எங்கட," என்றா.

"எங்கட எண்டா எழுத ஏலாது ராத்தா. ஒரு ஆள்ர பேர் வேணும். உங்கட எண்டு செல்லுங்க, நான் எழுதுறன்."

"என்ட இல்ல. எங்கட."

"எங்கட எண்டா ஆரு?"

ராத்தா வரம்பைத் திரும்பிப் பார்த்தா. அங்கே யாரும் அசையவில்லை. உத்தியோகத்தர் பேனாவை மூடப் போனார். அப்போது வட்டவிதானையின் மகன் செருமிக்கொண்டு மேலே ஏறி வந்தார். தன் முழுப் பெயரையும் தகப்பனின் பெயரையும் சொன்னார். பிறகு, காய்ந்துகொண்டிருந்த படங்கைக் காட்டி, இது என்ட நெல்லு, இவ்வளவு மூட்ட கண்டிரிக்கி என்று உள்ளபடி சொன்னார். அந்த மேட்டில் ஒருவர் நெல்லை நெல் என்று சொல்லக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அடுத்து பாண்டிருப்புக்காரர் வந்தார். அவருடைய மனைவி தன் பெயரைத் தனியாகச் சொன்னா. ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக நானும் சொன்னேன்.

உத்தியோகத்தர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எழுதுவதை நம்பாமல், நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பெயர்கள் ஒன்றும் விடுபடவில்லை, வரிசையும் சரி. மேலே தலைப்பு எழுத வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். உரித்தாளர்கள் என்று எழுதுவாரா, அத்துமீறியவர்கள் என்று எழுதுவாரா? கேட்டேன். அலுவலகத்துக்குப் போய்த்தான் அதை எழுத வேண்டும் என்று கோப்பை மூடி, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.